செப்புக் காசின் நிறச்சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்புக் காசு சேர்க்க ஆரம்பித்த எவரும் சீக்கிரமே ஒரு குழப்பத்தில் வந்து நிற்பார்கள். ஒரே வருடம், ஒரே நாணயச்சாலை, ஒரே தரமதிப்பெண், ஆனாலும் இரண்டு காசுகளுக்கு இடையே விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். ஏன் என்று கேட்டால் “அது ரெட், இது பிரௌன்” என்று ஒரே வரியில் பதில் வரும். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்க சென்ட்டிலிருந்தும் பிரிட்டிஷ் பென்னியிலிருந்தும் வரும், ஏனென்றால் இந்தச் சொற்களில் பல அவற்றைச் சுற்றித்தான் வளர்ந்தன.

ஆர்டி, ஆர்பி, பிஎன் என்றால் என்ன?

ரெட், ரெட்-பிரௌன், பிரௌன். இந்த மூன்றின் சுருக்கம்தான். காசு அச்சிலிருந்து விழுந்தபோது இருந்த செந்நிறத்தில் இன்றைக்கு எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் இவை சொல்கின்றன. பிசிஜிஎஸ் என்ற அமெரிக்கத் தரமதிப்பு நிறுவனத்தின் கணக்குப்படி, பிறந்த நிறம் 95 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ரெட், 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டால் பிரௌன், நடுவில் உள்ள அத்தனையும் ரெட்-பிரௌன். இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள், ஆகவே முன்பக்கம் ஜொலித்து பின்பக்கம் பழுப்பேறிய காசு ரெட்-பிரௌனில்தான் சேரும்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த நடுப்பகுதியின் அகலம். 90 சதவீதம் செந்நிறம் இருக்கும் காசும் 10 சதவீதம் மட்டும் இருக்கும் காசும் லேபிளில் ஒரே பெயரோடு வரும். அதனால் ஆர்பி என்ற இரண்டு எழுத்தை மட்டும் நம்பி, காசைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ரெட் என்று சொல்கிறார்கள், காசு சிவப்பாகவே இல்லையே?

மிளகாய்ப் பழச் சிவப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். புதுச் செம்பு ஆரஞ்சுக்கும் இளஞ்சிவப்புக்கும் நடுவில் எங்கோ இருக்கும். நம் மொழியில் இதைப் புரியவைப்பது எளிது: செம்பு என்ற பெயரே செம்மையிலிருந்து வந்தது, செம்பொன், செம்மண் என்று சொல்லும்போது வருகிற அதே செம்மை. சேகரிப்பாளரின் ரெட்டும் அதுதான்.

உலோகக் கலவை மாறினால் இந்தச் செம்மையின் சாயலும் மாறும். கலப்பில்லாத செம்பு சற்று ரோஜா நிறம் காட்டும். வெள்ளீயமும் துத்தநாகமும் சேர்ந்த வெண்கலக் காசு கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாயும். பிரிட்டனில் 1860 முதல் பென்னி வெண்கலமானது, 95 பங்கு செம்பு, 4 பங்கு வெள்ளீயம், 1 பங்கு துத்தநாகம். அமெரிக்க சென்ட் 1864இல் வெண்கலத்துக்கு மாறியது. 1944 முதல் 1946 வரையிலான சென்ட்களில் வெள்ளீயத்தை விட்டுவிட்டார்கள், போர்க்காலத் தோட்டா உறைகளிலிருந்து கிடைத்த உலோகம் என்பதால் அவை ஷெல் கேஸ் சென்ட் என்றே அறியப்படுகின்றன, அவற்றின் மஞ்சள் சாயல் பழகிய கண்ணுக்குத் தனியாகத் தெரியும். ஆக, எல்லா வருடத்து ரெட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு.

மெலோ ரெட் என்றும் சொல்வார்கள். பழுப்பு இன்னும் ஏறவில்லை, ஆனால் புதுக்காசின் கண்கூசும் பளிச்சும் இல்லை, பல வருடம் அமைதியாக இருந்து ஒரே சீராக மங்கிய செந்நிறம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நூறு வயதான காசு நேற்று அடித்தது போல மின்னினால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும், மெலோ ரெட் அந்தச் சந்தேகத்தைத் தருவதில்லை.

நிறம் ஏன் மாறுகிறது?

செம்பு சும்மா இருக்காத உலோகம். காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து முதலில் குப்ரஸ் ஆக்ஸைடு என்ற செம்பழுப்புப் படலமாகிறது, காலம் போகப் போக அதில் கருப்பான குப்ரிக் ஆக்ஸைடும் சேர்கிறது. காற்றில் கந்தகச் சேர்மங்கள் இருந்தால் கருமையான சல்பைடு வரும். ஈரப்பதம் இதையெல்லாம் வேகப்படுத்தும். உலர்ந்த இடத்தில், யார் கையும் படாமல் கிடந்த காசு நூறு வருடம் தாண்டியும் செம்மையாக இருக்கலாம், அதே காசு ஈரமான அலமாரியில் கந்தகம் கலந்த அட்டை உறைக்குள் கிடந்தால் சில வருடங்களிலேயே பழுப்பாகிவிடும். வயதைவிட, எங்கே எப்படி இருந்தது என்பதுதான் நிறத்தை முடிவு செய்கிறது.

பிரௌன் என்றால் கெட்டுப்போன காசா?

இல்லவே இல்லை. புதிதாகச் சேர்ப்பவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கிற தவறு இது. சீராக ஏறிய பழுப்பு ஒரு பாதுகாப்புத் தோல், அந்தப் படலம் இறுகிய பிறகு கீழே இருக்கும் உலோகம் மெதுவாகத்தான் மாறும். ஒருவகையில் பார்த்தால் மூன்றில் நிலையானது பிரௌன்தான், இழப்பதற்கு அதில் அதிகம் மிச்சமில்லை.

பழுப்பிலும் எத்தனை வகை! பால் சேர்த்த சாக்லேட் போல ஒரு வகை. இளம் மரநிறமாக இருந்தால் டான் என்பார்கள். பச்சை கலந்த பழுப்பு ஆலிவ், செம்மை ஓடும் ஆழமான பழுப்பு மஹாகனி, சாம்பல் நீலம் கலந்து இரும்பு போலத் தோன்றுவது ஸ்டீல் பிரௌன். 1793 முதல் 1857 வரை அடிக்கப்பட்ட அமெரிக்கப் பெரிய சென்ட்களைச் சேர்ப்பவர்கள் இந்தச் சொற்களை மிகத் துல்லியமாகப் பயன்படுத்துவார்கள். அவர்களிடம் கேட்டால் வழுவழுப்பான, கறையில்லாத ஒரு சாக்லேட் பிரௌன் காசைப் புள்ளி விழுந்த ரெட்டுக்கு மாற்றிக்கொள்ளவே மாட்டார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

தரமதிப்பெண்ணும் நிறமும் ஒன்றா?

வேறு வேறு. எம்எஸ் 65 (எம்எஸ் என்றால் புழக்கத்துக்குப் போகாத காசு) என்பதில் உள்ள எண் தேய்மானம், கீறல், அச்சின் தெளிவு, மினுமினுப்பு இவற்றைப் பற்றியது, பின்னால் வரும் ஆர்டி அல்லது பிஎன் நிறத்தைப் பற்றியது. 65 பிஎன் காசின் பரப்பு 63 ஆர்டி காசின் பரப்பைவிடச் சுத்தமாக இருக்கும். சுவாரசியம் என்னவென்றால், இன்று எல்லா உலோகத்துக்கும் பயன்படும் 70 வரையிலான இந்த அளவுகோலை வில்லியம் ஷெல்டன் 1949இல் உருவாக்கியதே பழைய செப்பு சென்ட்களுக்காகத்தான்.

1967இல் தொடங்கிய ஏர்லி அமெரிக்கன் காப்பர்ஸ் என்ற சங்கத்தாரின் வழக்கம் இன்னும் கறாரானது. தேய்மானத்துக்கு ஒரு எண், பரப்பின் நிலைக்குத் தனியாக ஒரு சொல். சாய்ஸ் என்றால் அந்த எண்ணுக்கு எதிர்பார்ப்பதைவிட நல்ல பரப்பு, ஆவரேஜ் என்றால் சாதாரணம், ஸ்கட்ஸி என்றால் அரிப்போ குழியோ கறையோ உள்ளது. நிறம் பார்க்கும் முன் பரப்பைப் பார் என்ற பாடம் எனக்கு இந்தச் சொற்களிலிருந்துதான் கிடைத்தது.

லஸ்டர் என்பதும் ரெட் என்பதும் ஒன்றுதானே?

இல்லை, இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே மாட்டீர்கள். காசு அச்சில் அழுத்தப்படும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது, அந்த வழிதலில் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்ணிய கோடுகள் பரப்பில் பதிகின்றன. ஒளி அந்தக் கோடுகளில் பட்டுத் திரும்புவதுதான் லஸ்டர். ஒரே ஒரு விளக்கின் கீழ் காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள், நடுவிலிருந்து கிளம்பும் ஒளிப்பட்டை வண்டிச் சக்கரத்தின் ஆரம் போலக் காசைச் சுற்றிவரும். கார்ட்வீல் என்று சொல்வது இதைத்தான்.

இப்போது அந்தக் கோடுகளின் மேல் பழுப்புப் படலம் ஏறினாலும் கோடுகள் அழிவதில்லை. ஆகவே முழுக்கப் பிரௌனான காசிலும் அந்தச் சக்கரம் சுழலும், அது பழுப்பு நிறத்தில் சுழலும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பிரௌன் காசு புழக்கத்துக்கே போகாதது. மறுபக்கம், அமிலத்தில் முக்கியெடுத்த காசு செக்கச்செவேல் என்று இருக்கும், ஆனால் சாய்த்துப் பார்த்தால் ஒளி எங்கும் நகராது, சுண்ணாம்பு அடித்த சுவர் போல அப்படியே நிற்கும். நிறம் இருக்கிறது, லஸ்டர் இல்லை.

பிரௌன் காசை மறுபடி ரெட் ஆக்க முடியுமா?

முடியாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பழுப்புப் படலம் காசின் மேல் படிந்த அழுக்கு இல்லை, காசின் மேல்பரப்பு உலோகமே மாறி உண்டான பொருள். புளிப்பான எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்தப் படலம் கரையும்போது லஸ்டர் கோடுகளும் சேர்ந்து போய்விடும், கீழே புதிதாகத் திறந்து தெரிவது மிண்ட்டிலிருந்து, அதாவது நாணயச்சாலையிலிருந்து, வந்த பரப்பு இல்லை. அது சில மாதங்களில் திட்டுத் திட்டாக, அழகில்லாமல் மறுபடி கறுக்கும்.

சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் உயிரோடு எப்போதும் ஒட்டியிருப்பதற்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். வெளியிலிருந்து வந்து ஒட்டியது இல்லை, கூடவே இருப்பது. செப்புக் காசோடு பழகியவர்களுக்கு அந்த உவமையின் பொருத்தம் நன்றாகவே புரியும்.

சரி, போலி ரெட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சோதனை, தேய்மானத்தையும் நிறத்தையும் சேர்த்துப் பார்ப்பது. காசு புழங்கும்போது முதலில் தேய்வது உயரமான இடங்கள், அதாவது கன்னம், முடி, காதின் விளிம்பு. அங்கே உரசல் பட்டதும் செம்மை போய்விடும். ஆகவே உண்மையாகப் பழகிய காசில் உயரங்கள் பழுப்பாகவும், எழுத்துகளின் இடுக்கில், எண்களைச் சுற்றிப் பாதுகாப்பான மூலைகளில் மட்டும் செம்மை ஒளிந்தும் இருக்கும். அமெரிக்க சென்ட்டில் உள்ள லிங்கனின் கன்னம் தேய்ந்து தட்டையாகிப் போயிருக்கும்போது அந்தக் கன்னமும் செம்மையாகப் பளபளத்தால், பிறகு யாரோ செய்த வேலை அது.

இரண்டாவது, நிறத்தின் சாயல். அமிலம் பட்ட செம்பு பெரும்பாலும் வெளிறிய இளஞ்சிவப்பாகவோ, பித்தளை மஞ்சளாகவோ போகும், அதில் ஆழம் இருக்காது. காசு முழுக்க ஒரே தடிமனில் பெயின்ட் அடித்தது போல இருக்கும். இயற்கையான செம்மை அப்படி இருக்காது, ஒரு ஓரத்தில் கொஞ்சம் மங்கல், இன்னொரு இடத்தில் லேசாகப் பொன்னிறம் என்று மெல்ல மெல்லக் கலந்து மாறிப் போகும்.

மூன்றாவது, லென்ஸ். துணியால் தேய்த்த காசில் ஒரே திசையில் ஓடும் முடிக்கோடுகள் தெரியும், அவை எழுத்தின் ஓரத்தில் வந்து நின்று, மறுபக்கத்தில் தொடரும். எழுத்துகளின் அடிவாரத்தில் துடைக்க முடியாமல் விட்டுப்போன கருமை ஒரு வரி மாதிரி நிற்கும்.

இந்த மூன்றில் ஏதாவது ஒன்று உறுத்தினாலும் நான் காசைக் கீழே வைத்துவிடுவேன்.

போலி பிரௌனும் உண்டா?

உண்டு, அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். தேய்த்துக் கெட்ட காசை மறைக்கக் கந்தகம் கலந்த பசையைத் தடவியோ சூடாக்கியோ பழுப்பேற்றுவார்கள். ரீகலர்ட் என்று இதைச் சொல்வார்கள். வேலை தெரிந்தவர் செய்தது நன்றாகவே இருக்கும், ஆனால் பெரும்பாலும் நிறம் உயரத்திலும் பள்ளத்திலும் வித்தியாசமே இல்லாமல் ஒரே மாதிரி இருக்கும், அல்லது உயிரில்லாத கரும்பழுப்பாக, சற்றுப் பிசுபிசுப்பாகத் தெரியும். பிரௌன் காசில் லஸ்டரும் இல்லை, அதே நேரம் தேய்மானமும் இல்லை என்றால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

நீலம், ஊதா எல்லாம் செம்பில் எப்படி வரும்?

படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது, அதன் மேல்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களைத் தூக்கியும் சிலவற்றை அழித்தும் விடுகின்றன. தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் தெரிகிற அதே வானவில். தடிமன் கூடக் கூட ஆரஞ்சு, ஊதாச் சிவப்பு, நீலம் என்று நிறம் நகரும். 1909 முதல் 1916 வரையிலான லிங்கன் மேட் ப்ரூஃப் (சேகரிப்பாளர்களுக்காகத் தனிக் கவனத்தோடு அடித்த, மங்கல் பரப்புள்ள) சென்ட்களில் இதைப் பிரமாதமாகப் பார்க்கலாம், அவற்றைச் சுற்றிவைத்த டிஷ்யூ தாளே காரணம் என்பது பரவலான கருத்து.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சில சுத்திகரிப்புத் திரவங்கள் செம்பில் பட்டால் மின்சார நீலமோ பளீர் ஊதாவோ வரும். இயற்கை நிறம் காசைத் திருப்பும்போதுதான் எழும்பி வரும், ஒரு கோணத்தில் பழுப்பு, இன்னொரு கோணத்தில் நீலம். எந்தக் கோணத்திலும் ஒரே நீலம் கத்திக்கொண்டு நின்றால் நான் ஒதுங்கிவிடுவேன்.

வுட்கிரெயின், வுடி என்கிறார்களே?

செம்போடு மற்ற உலோகங்கள் சரியாகக் கலக்காமல் தகடாக உருட்டப்பட்டால், கலவையின் வேறுபாடுகள் நீளமான கோடுகளாக இழுபடும். காசு பழுப்பேறும்போது ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு வேகத்தில் மாறும், அறுத்த பலகையின் ரேகை போல இளம்பழுப்பும் கரும்பழுப்பும் மாறி மாறி ஓடும். இது பிறப்பிலேயே வந்தது, குறை என்று நினைக்க வேண்டாம். விரும்பித் தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

கருப்புப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன?

பெரிதாக இருந்தால் கார்பன் ஸ்பாட், குண்டூசி முனை அளவில் இருந்தால் ஃப்ளை ஸ்பெக். கார்பன் என்ற பெயர் இருந்தாலும் அது கரி இல்லை, ஒரு துளி ஈரமோ தூசியோ விழுந்த இடத்தில் செம்பு தனியாக வேகமாக மாறியதால் வந்த கருமை. அந்தத் துளி பெரும்பாலும் நம் வாயிலிருந்துதான் வருகிறது. காசைக் கையில் பிடித்து முகத்தருகே கொண்டுபோய்ப் பேசினால் கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளி விழும், அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பிறகு ஒருநாள் அங்கே கருப்புப் புள்ளி இருக்கும்.

கைரேகையும் அப்படித்தான். என்னிடம் ஐம்பதுகளின் லிங்கன் சென்ட் ஒன்று, நல்ல ரெட், ஆரம்பக் காலத்தில் அதை உறையிலிருந்து எடுத்தபோது நழுவப்போனதைக் கட்டைவிரலால் பிடித்துவிட்டேன். உடனே பார்த்தேன், ஒரு சுவடும் இல்லை, நிம்மதியாக உள்ளே வைத்தேன். ஆறேழு மாதம் கழித்து எடுத்தபோது வருட எண்ணுக்கு மேலே என் ரேகை, கோடு கோடாக, பழுப்பில் அச்சடித்தது போல. வியர்வையின் உப்பும் அமிலமும் செம்பைத் தின்றிருந்தன. அந்தக் காசை இன்றும் வைத்திருக்கிறேன், புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன், விளிம்பில் மட்டும் பிடியுங்கள் என்று நூறு தடவை சொல்வதைவிட அது நன்றாக மனதில் பதிகிறது.

பச்சையாக இருந்தால்?

எல்லாப் பச்சையும் ஒன்றில்லை. காசின் மேல் இறுகி, கெட்டியாக, நகராமல் இருக்கும் பச்சைக் களிம்பு ஒரு வகை. வெர்டிகிரிஸ் என்பார்கள், கண்டிப்பாகச் சொன்னால் அந்தப் பெயர் செம்பின் அசிட்டேட் உப்புக்குத்தான் உரியது, ஆனால் சேகரிப்பாளர்கள் எல்லாப் பச்சைக்கும் அதையே சொல்லிவிடுகிறார்கள். மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் கிடந்த காசில் பசைபோலப் பளபளக்கும் பச்சை தெரிந்தால் அது பிவிசி சிதைந்து கசிந்தது. சீக்கிரம் பார்த்துவிட்டால் தூய அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்துவிடலாம், நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருள்களும் கலந்திருக்கும் என்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது வெண்கல நோய். வெளிர்பச்சை மாவு, ஊசியால் தொட்டால் உதிரும், துடைத்தாலும் சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி வரும். உள்ளே புகுந்த குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரித்துக்கொண்டே போகிறது, மண்ணிலும் கடலிலும் கிடந்த காசுகளுக்கு இது அதிகம். காசை உலர்ந்த இடத்தில் தனியாக வையுங்கள், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மிண்ட்டிலேயே நிறம் மாற்றிய காசுகள் உண்டா?

உண்டு, இது தெரியாமல் பலர் நல்ல காசைச் சுத்தம் செய்து கெடுத்திருக்கிறார்கள். பிரிட்டனில் புது ஃபார்திங் (கால் பென்னிக் காசு) மின்னும்போது கிட்டத்தட்ட அதே அளவுள்ள தங்க அரை சாவரினாக ஏமாற்றிக் கைமாறியது, அதனால் 1897இல் தொடங்கி முதல் உலகப் போர்க்காலம் வரை ஃபார்திங்கை மிண்ட்டிலேயே கருமையாக்கித்தான் வெளியிட்டார்கள். 1944 முதல் 1946 வரையிலான பென்னிகளிலும், அதற்கு முன் 1934, 1935 பென்னிகளிலும் மிண்ட்டில் கருமையாக்கியவை இருக்கின்றன. அந்தக் காசுகளுக்குக் கருப்புதான் பிறந்த நிறம். அப்படிப்பட்ட 1901 ஃபார்திங் ஒன்று செக்கச்செவேலென்று மின்னினால், மிண்ட் போட்ட தோலை யாரோ உரித்துவிட்டார்களோ என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று பிரான்ஸ்டு. பர்மிங்காம் பக்கத்தில் மேத்யூ போல்ட்டன் நடத்திய சோஹோ மிண்ட்டின் ப்ரூஃப்களில், ஒரு பொடியைக் கொண்டு பதப்படுத்தி ஒரே சீரான சாக்லேட் நிறம் வரவைத்தவை உண்டு. இதையும் வயதால் வந்த பழுப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

இருநூறு வயதுக் காசு ரெட்டாக இருக்க வழியே இல்லையா?

இருக்கிறது, அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு புதையல் கதை இருக்கும். 1816 முதல் 1820 வரையிலான அமெரிக்கப் பெரிய சென்ட்கள் செந்நிறத்தோடு கிடைப்பதற்குக் காரணம் ராண்டல் ஹோர்ட் என்ற கண்டெடுப்பு. ஒரு சிறு பீப்பாய் நிறைய, புழங்காத காசுகள், உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஜார்ஜியாவில் கிடைத்தவை. அவற்றில் பலவற்றில் செந்நிறத்தின் மேல் கருப்புப் புள்ளிகள் தூவியிருக்கும், அந்தத் தோற்றத்தைப் பார்த்தே இது ராண்டல் காசு என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

கடலிலிருந்து ஒரு உதாரணம். கிழக்கிந்தியக் கம்பெனியின் 1808ஆம் வருடத்து 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் எடுத்தபோது, பீப்பாய்களில் வெளிப்புறம் இருந்தவை அரித்துப்போயிருந்தன, நடுவில் இருந்து மற்ற காசுகளால் பாதுகாக்கப்பட்டவை எழுத்து மாறாமல் வந்தன. அந்த நாணயத்தின் ஆங்கிலப் பெயரான கேஷ் நம்முடைய காசு என்ற சொல்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதன்மேல் கூடுதல் பிரியம்.

செம்பு கலந்த எல்லாக் காசுக்கும் ஆர்டி, பிஎன் போடுவார்களா?

இல்லை. 1864க்கு முன் சில வருடங்கள் அமெரிக்க சென்ட்டில் 12 சதவீதம் நிக்கல் இருந்தது, வெளிறிய நிறம், ஒயிட் சென்ட் என்றே பெயர், அவற்றுக்கு நிறக்குறிப்பு கிடையாது. 1943இன் எஃகு சென்ட்டுக்கும் கிடையாது. 1982இல் உள்ளே துத்தநாகம், மேலே செம்புப் பூச்சு என்று சென்ட் மாறியது, எடை 3.11 கிராமிலிருந்து 2.5 ஆகக் குறைந்தது. இவற்றுக்கு ஆர்டி போடுவார்கள், ஆனால் பூச்சில் ஒரு பொத்தல் விழுந்தாலே உள்ளே இருக்கும் துத்தநாகம் கொப்பளித்துக் கிளம்பிவிடும், அதனால் இங்கே நிறத்தைவிடப் பூச்சின் நிலையைப் பாருங்கள்.

பிரிட்டிஷ் வியாபாரிகள் இந்த எழுத்துகளைப் போடுவதில்லையே?

அவர்கள் மரபு வேறு. முழு லஸ்டர், ஏறக்குறைய முழு லஸ்டர், லஸ்டரின் சுவடு மட்டும் என்று எழுதுவார்கள், சிலர் சதவீதமும் போடுவார்கள். அங்கே லஸ்டர் என்ற சொல் மின்னும் பரப்பையும் செந்நிறத்தையும் சேர்த்தே குறிக்கும். அமெரிக்கப் பழக்கத்தோடு படிப்பவர்கள் இதில் ஒருமுறையாவது தடுமாறுவார்கள்.

பழங்கால வெண்கல நாணயங்களுக்கு?

அங்கே ரெட்டுக்கு இடமே இல்லை, காலப்போக்கில் பரப்பில் உண்டான படலமான பாட்டினாதான் எல்லாம். எனாமல் பூசியது போல வழுவழுப்பான பச்சைப் பாட்டினா பெரிதாக மதிக்கப்படும். ஆற்றுச் சேற்றில் ஆக்ஸிஜன் எட்டாமல் கிடந்த காசு பொன்மஞ்சளாகவே மிஞ்சும், அது ரிவர் பாட்டினா, ரோம் நகரின் ஆற்றை வைத்து டைபர் பாட்டினா என்றும் சொல்வார்கள். கரும்பரப்பின் பள்ளங்களில் மணல்நிறம் தங்கினால் டெசர்ட் பாட்டினா. எழுத்தையும் உருவத்தையும் அது எடுப்பாகக் காட்டுவதால், அந்தத் தோற்றத்துக்காகவே செயற்கையாக மண் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊசிமுனையில் எளிதாக உதிர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

ஸ்லாப்பில் ஆர்டி என்று இருக்கிறது, காசோ பழுப்பாகத் தெரிகிறது. ஏமாற்றா?

ஏமாற்றாக இருக்க வேண்டியதில்லை. ஸ்லாப் எனப்படும் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி காற்றை முழுக்க அடைப்பதில்லை. அடைத்த அன்று ரெட்டாக இருந்தது உள்ளேயே மாறியிருக்கலாம். 2010 முதல் மதிப்பிட்ட செப்புக் காசுகளின் நிறத்துக்கு பிசிஜிஎஸ் உத்தரவாதம் தருவதை நிறுத்தியதே இதனால்தான். லேபிள் அன்றைய நிலையைச் சொல்கிறது, வாங்கும்போது இன்றைய நிலையைப் பார்க்க வேண்டியது நாம்தான்.

போட்டோவில் பார்த்து நிறத்தை நம்பலாமா?

ஒரு படத்தை வைத்து நம்பாதீர்கள். மஞ்சள் விளக்கு எந்தப் பிரௌனையும் ஆர்பி ஆக்கிக் காட்டும், நேர் மேலிருந்து ஒளி விழுந்தால் ஒளிந்திருக்கும் நீலம் எழும்பும், கொஞ்சம் செறிவைக் கூட்டினால் எல்லாமே ரெட். காசைச் சாய்த்து எடுத்த சிறு வீடியோ கேளுங்கள், கூடவே ஒரு வெள்ளைத் தாள் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள், தாள் மஞ்சளாகத் தெரிந்தால் காசின் நிறமும் அந்த அளவுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

இருக்கும் நிறத்தை எப்படிக் காப்பது?

ஈரம் இல்லாமல், பிவிசி இல்லாத உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ரப்பர் பேண்ட், மலிவான அட்டை, கம்பளி எல்லாம் கந்தகம் விடும், பக்கத்தில்கூட வேண்டாம். சமையலறைக்கு அருகே வைக்காதீர்கள். சிலிகா ஜெல்லை அவ்வப்போது மாற்ற மறக்காதீர்கள், அதைத்தான் எல்லோரும் மறப்பது.

புதிதாகச் சேர்ப்பவர் எதில் தொடங்குவது நல்லது?

சீரான, லஸ்டர் உள்ள ஒரு பிரௌன் காசு, அதே வகையில் சாதாரண வருடத்து ரெட் காசு ஒன்று, இரண்டும் விலை குறைந்தவையாகவே வாங்குங்கள். கூடவே, யாரோ பளபளவென்று தேய்த்துக் கெடுத்த காசு ஒன்றும் வேண்டும், அது எங்கும் கிடைக்கும். மூன்றையும் ஒரே விளக்கின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக விளிம்பில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். முதல் இரண்டிலும் ஒளி சக்கரமாகச் சுழலும். மூன்றாவதில் சுழலாது.